எட்டு இலக்கச் சீட்டு

அம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் உலகநாதன் வைத்திருந்த செல்போன் கடையில் லோகநாயகி பில் போடுகிறவள். தொண்ணூற்றொன்பதில் ஊருக்கே அது புதுச் சரக்கு. சேர்ந்த அன்றே அவர் அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துவிட்டார்.

"கஸ்டமர் கேள்வி மேல கேள்வி கேட்டா மூணு எழுத்து எட்த்து வுடு. ஜி.எஸ்.எம்.முனு சொல்லு, எம்.எஸ்.சி.ல ப்ராப்ளம்னு சொல்லு. அப்பால வாயே தொறக்க மாட்டான்."

சொல்லிவிட்டு, பல்லிடுக்கில் சிக்கிய பாக்கைக் குண்டூசியால் நோண்டி, வந்ததை மேஜை விளிம்பில் தேய்த்தார். அங்கேதான் அவள் கை வைத்து எழுத வேண்டும். எட்டு மாதமாகத் தினமும் ஈரத்துணியால் துடைக்கிறாள். அழுக்கு போகிறது, அருவருப்பு போகவில்லை.

அதைவிட அருவருப்பானது மேஜையின் கீழ் இழுப்பறை. ஒவ்வொரு சிம் கார்டோடும் ஓர் உறை வரும். ரகசிய எண்ணை மூன்று முறை தப்பாக அமுக்கினால் போன் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கிற எட்டு இலக்கம், பி.யூ.கே. என்பது, அந்த உறைக்குள் சீட்டாக இருக்கும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்கள் வாங்கினால் உலகநாதன் உறையைக் கொடுக்கமாட்டார், பெயரும் விலாசமும் எழுதி இழுப்பறையில் போட்டுக்கொள்வார். பூட்டிய போனோடு அவர்கள் திரும்பி வரும்போது சிம் செத்துவிட்டது என்று புது இணைப்பு விற்பார். லோகநாயகி கண்ணெதிரே இரண்டு பேர் அப்படி ஏமாந்து போனார்கள். அவள் தலை குனிந்து பில் போட்டாள். வீட்டில் உலை அவள் சம்பளத்தில்தான் கொதித்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வேலுசாமி வந்தார். ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கொரட்டூரில் வாடகைக்குக் குடிவந்தவர். போனை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

"பேட்டரி இறங்கிப் போச்சு தம்பி. சார்ஜ் போட்டு எழுப்பினா நம்பர் கேட்டுச்சு. என் டோக்கன் நம்பரைப் போட்டேன், ஒத்துக்கல. கண்ணாடி போட்டுக்கிட்டு இன்னும் ரெண்டு தடவை போட்டேன்."

தொழிற்சாலைக்காரர்களுக்கு எல்லாமே வேலையில் சேரும்போது கொடுத்த டோக்கன் நம்பர்தான். கேட்டில் அது, கேன்டீனில் அது, பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியிலும் அது. நம்பர் என்றால் வேறென்ன இருக்கமுடியும் அவருக்கு?

"டோக்கன் நம்பரா! சுடுகாட்டுலயும் அதான் கேப்பாங்களா பெர்சு?" உலகநாதன் சிரித்தார். "பி.யூ.கே. லாக் ஆய்ட்சி. சிம் டெட். ஐ.எம்.ஈ.ஐ. வேற தகராறு. புது கனெக்சன் வாங்கிக்க, புது நம்பர்."

வேலுசாமியின் முகம் வற்றிவிட்டது. "நம்பர் மாறக்கூடாது தம்பி. பையன் எல்லையில இருக்கான். சனிக்கிழமை ஆறு மணிக்கு இதுக்குத்தான் கூப்பிடுவான். போன வாரம் கூப்பிடல. அவன் அம்மா சரியா சாப்பிட்டு ஏழு நாளாச்சு."

"லெட்டர் போடு நைனா."

"போய்ச் சேர பத்து நாளாகுமே!"

உலகநாதன் போனை வாங்கிப் புரட்டினார். பின்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம். பல் குத்திய அதே குண்டூசியால் அதைச் சுரண்டினார்.

"தம்பி, தம்பி... மாங்காட்டு அம்மன்கிட்ட வெச்சு எடுத்தது அது."

"இன்னா, அம்மனுக்கு இன்கமிங் ஃப்ரீயா?"

லோகநாயகிக்கு அருவருப்பாக இருந்தது. பாதி அவர் மேல், பாதி தன் மேல். மூன்று எழுத்தைச் சொல்லி ஒரு தகப்பனின் வாயை அடைக்கிற இடத்தில் சம்பளம் வாங்கி, அதில் சாமிக்குக் கற்பூரமும் ஏற்றுகிறாளே! குனிந்து இழுப்பறையை இழுத்தாள். நாற்பது உறைகளுக்கு நடுவே அவர் பெயர் இருந்தது.

"லோகா, இன்னா பண்றே?"

அவள் அந்த உறையைப் பிரித்தாள். உலகநாதன் கையிலிருந்த போனை எடுத்துப் பெரியவரிடம் கொடுத்தாள். "ஐயா, நான் சொல்றதை ஒவ்வொண்ணா அமுக்குங்க."

எட்டு எண்களையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அவர் ஒவ்வொன்றையும் கண்ணருகே வைத்துப் பார்த்து அமுக்கினார்.

"புதுசா நம்பர் போடச் சொல்லுது பாருங்க. இப்ப உங்க டோக்கன் நம்பரையே போடுங்க. ரெண்டு தடவை."

இந்த முறை போன் ஒத்துக்கொண்டது. திரையின் ஓரத்தில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. வேலுசாமி திறந்த இழுப்பறையைப் பார்த்தார், உலகநாதனைப் பார்த்தார். மிஞ்சியிருந்த குங்குமத்தில் விரல் படாமல், வேட்டி நுனியால் போனைத் துடைத்தார்.

"திங்கக்கெழம வராதே நீ," என்றார் உலகநாதன்.

"வரலைங்க." லோகநாயகி மீதி உறைகளை அள்ளிச் சாப்பாட்டுப் பையில் போட்டாள்.

"ஏய், அது கடைச் சொத்து!"

"அவங்கவங்க பேர் போட்டிருக்குதுங்க."

பிடுங்கக் கை நீட்டியவர், வாசலில் பெரியவர் நகராமல் நிற்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார்.

சந்துக்கு வந்ததும் மேலே இருந்த உறையைப் பார்த்தாள். சுலைமான், லேத் பட்டறை, மண்ணூர்பேட்டை. வீட்டுக்குப் போகிற வழிதான். நாளைய உலைக்கு அரிசி எங்கே என்று நெஞ்சு கேட்டது. கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று நடந்தாள்.

முனை திரும்புமுன் பின்னால் மணி அடித்தது. நின்றாள். வேலுசாமி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ரயில் சத்தத்துக்கு மேல் கத்தினார்:

"நல்லா இருக்கோம்டா... அம்மாவா? சாப்பிட்டா, சாப்பிட்டா. இதோ வீட்டுக்குத்தான் போறேன், போனதும் சாப்பிட்டுடுவா!"