எடுக்காத பொட்டலம்

விஜயராணி என்கிற பெயரைக் கேட்டாலே யாழினிக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் வருஷத் தத்துவ வகுப்பில் யாருக்குத்தான் வராது? பி.காம். கேட்டு, பி.சி.ஏ. கேட்டு, எதுவும் கிடைக்காமல், 'இது ஒண்ணுதான் மிச்சம், சேர்றியா?' என்று தள்ளிவிடப்பட்ட கூட்டம் அது. விரும்பி வந்த பிள்ளை மருந்துக்குக்கூட இல்லை. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் முதல் நாளே பாடம் எடுக்க வந்து நின்றுகொண்டு, "நீங்க ஒவ்வொருத்தரும் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டால் எரியாமல் என்ன செய்யும்?

"அப்பா சேத்துவிட்டாரு மேம்," என்றாள் யாழினி.

"அது உங்கப்பாவோட காரணம். உன்னோடது?"

அவளுக்கென்று ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது. எடமலைப்பட்டி புதூரில் பஸ் ஏறிவிட்டால் சாயங்காலம் திரும்பி வரும்வரை அவளை ஏவ ஆள் கிடையாது. எப்படியாவது ஒரு டிகிரி, அப்புறம் ஒரு வேலை, சொந்தக் காலில் நிற்க வேண்டும். பாடம் எந்தக் குப்பையாக இருந்தால் என்ன, காலேஜ் வேண்டும். ஆனால் அதை இந்தப் பொம்பளையிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

நோட்ஸ் சொல்ல மாட்டாள் விஜயராணி. கேட்டால், "நான் சொன்னா அப்படியே எழுதிக்குவீங்க, அதான் சொல்லல," என்பாள். திமிர்! எழுதிக்கொள்ளாமல் பரீட்சையில் என்ன, இவள் முகத்தையா வரைவது? பின்பெஞ்சு முழுக்கக் கரித்துக் கொட்டும். எல்லோருக்கும் சேர்த்துச் சண்டை போடுகிறவள் யாழினிதான். "இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" "பதிலே இல்லாத கேள்விய எதுக்குக் கேக்கணும்?" என்று எழுந்து எழுந்து மல்லுக்கு நிற்பாள்.

முதல் டெஸ்ட் பேப்பர் கொடுத்த அன்றுதான் பகை முற்றியது. பிரிட்டோ என்கிற பையன் கூட்டலில் இரண்டு மார்க் குறைகிறது என்று குதித்தான். விஜயராணி வாங்கிப் பார்த்துத் திருத்திக் கொடுத்தாள். பிறகு வகுப்பைப் பார்த்து நின்றாள்.

"கூடப் போட்டிருக்கேன்னு யாரும் வரலையே? யாழினி, உன் பேப்பரைக் கூட்டிப் பாரு."

யாழினி பேப்பர் கைக்கு வந்தவுடனேயே கூட்டிப் பார்த்திருந்தாள். ஐந்து மார்க் அதிகம். மடித்துப் பைக்குள் வைத்தாயிற்று.

"பாத்தியா, இல்லையா?"

"பாத்தேன்."

"குறைஞ்சா சண்டைக்கு வர்றோம். கூடுனா மடிச்சு வச்சுக்கிறோம். பிடிக்காத பதில மட்டும் நோண்டிப் பாக்குறதுக்குப் பேரு சிந்தனை இல்ல, பேரம். நமக்குப் பிடிச்ச பதிலயும் அதே மாதிரி நோண்டணும். இங்க முதல் பாடமே அதுதான்."

"தப்பாக் கூட்டினது நீங்க, திட்டு எனக்கா?" என்றாள் யாழினி. வகுப்பு பெஞ்சைத் தட்டி ஆர்ப்பரித்தது.

"நல்ல கேள்வி. இதுவும் பிடிக்காதது வந்தப்புறம்தான் கேக்குற, பாரு."

எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டாள் பாவி. அன்றிலிருந்து யாழினி அவள் முகத்தையே பார்ப்பதில்லை.

வெளியில் புலி, வீட்டில் எலி என்பார்களே, அது யாழினிக்கென்றே சொன்னதுதான். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அப்பா வெள்ளைச்சாமி வீட்டுக்குள் நுழைந்தால் டி.வி. சத்தம்கூடத் தானாகக் குறையும். அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: லால்குடியில் இருக்கிற ஒன்றுவிட்ட அக்கா பவுனம்மாள் தன் மகன் அஜித்துக்கு யாழினியைக் கேட்கிறாள், தை பிறந்ததும் முடித்துவிடலாம், அவர்கள் வீட்டில் படிப்பெல்லாம் வேண்டாம் என்கிறார்கள். யாழினி வாயே திறக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துத் தலையணையை நனைத்தாள். அம்மா ஆனந்தவள்ளி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரே ஒரு தடைதான் பாக்கி இருந்தது. அந்தக் குடும்பத்தில் குலசாமியிடம் பூக்கேட்காமல் எந்தக் கல்யாணமும் நடந்ததில்லை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் இருக்கிற பிடாரிதான் குலசாமி. பெண்ணைப் பெற்றவள் ஒரு இலையில் செவ்வரளி, ஒரு இலையில் நந்தியாவட்டை வைத்து, ஒரே மாதிரி இரண்டு பொட்டலம் கட்டிக் கொண்டுவர வேண்டும். பூசாரி குலுக்கி ஒன்றை எடுப்பார். சிவப்பு வந்தால் சம்மதம், வெள்ளை வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பது கிடையாது. ஆத்தா தொடாததை நாம் தொடக்கூடாது என்று அப்படியே ஆற்றில் விட்டுவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு குடும்பமும் சன்னதியில் கூடியது. பவுனம்மாள் பட்டுப்புடவையும் கையுமாக, நிச்சயமே முடிந்த மாதிரி நின்றாள். பூசாரி மருதை தட்டைக் குலுக்கினார். ஒரு பொட்டலத்தை எடுத்து நாரை அவிழ்த்தார்.

நந்தியாவட்டை.

வெள்ளைச்சாமியின் முகம் செத்துப்போயிற்று. பவுனம்மாள் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். யாழினிக்கோ அங்கேயே விழுந்து ஆத்தா காலைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பிழைத்தோம்! இனி ஒருத்தரும் வாய் திறக்க முடியாது, சாமியே சொல்லியாயிற்று!

மருதை மற்றப் பொட்டலத்தை ஆற்றில் விடக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து, அந்தப் பாழாய்ப்போன விஜயராணியின் குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. மடிச்சு வச்சுக்கிறோம். சிவப்பு வந்திருந்தால் இதைச் சாமி வாக்கு என்று ஒப்புக்கொண்டிருப்பாளா? சத்தியமாக மாட்டாள். பூவுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் கத்தியிருப்பாள். வெள்ளை வந்ததும் மட்டும் பூவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா? சீ, இந்த நேரத்திலும் வந்து குடைகிறாளே என்று ஆத்திரம் பொங்கியது. சரி, பார்த்தேவிடலாம். உள்ளே சிவப்பு இருக்கட்டும், ஆத்தா நிஜமாகவே என் பக்கம்தான் என்று அவள் மூஞ்சிக்கு நேரே போய்ச் சொல்கிறேன்.

"பூசாரி, அத இங்க குடுங்க."

"வழக்கம் இல்லம்மா."

அவள் கையை நீட்டிப் பிடுங்கிவிட்டாள். ஆனந்தவள்ளி பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். "வேணாம்டி! யாழினி, வேணாம்டி!" அம்மா ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று அவளுக்கு உறைப்பதற்குள் நார் அறுந்து இலை பிரிந்துவிட்டது.

அதற்குள்ளும் நந்தியாவட்டை.

பொட்டலம் கட்டியது யார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. வெள்ளைச்சாமி இரண்டே எட்டில் வந்து ஆனந்தவள்ளியின் கன்னத்தில் அறைந்தார்.

"ஆத்தாகிட்டயே திருட்டா? எங்க வம்சத்துலயே இல்லாதத நீ பண்றியா?"

"தம்பி, நிறுத்து!" பவுனம்மாள் முந்தானையை உதறிச் செருகினாள். "தாயி களவாணி. மக, சாமி முன்னாடியே பொட்டலத்தப் பிரிக்கிறவ. இவ என் வீட்டுக்கு வந்து எதத்தான் பிரிக்கமாட்டா? போதுமப்பா உன் சம்பந்தம்!" மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு காருக்குப் போனாள். போகிற வழியெல்லாம் வசவு.

வெள்ளைச்சாமி யாழினி பக்கம் திரும்பினார். "எவ சொல்லிக் குடுத்தா இதையெல்லாம்? அந்தக் காலேஜுதானே? நாளையிலேருந்து நீ அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. கல்யாணமும் இல்ல, காலேஜும் இல்ல, கெட வீட்டுல!"

மறுபடியும் மனைவி மேல் கையை ஓங்கினார். யாழினிக்கு எங்கிருந்துதான் வந்ததோ, நடுவில் புகுந்தாள்.

"அம்மாவ அடிக்காதீங்கப்பா! கல்யாணம் வேணாம்னு நெனச்சது நானு. எனக்குப் படிக்கணும். வேலைக்குப் போகணும். அதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல."

ஆனந்தவள்ளி அவளைத் தோளில் பிடித்துத் திருப்பினாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. கண்ணில் அவ்வளவு கோபத்தை யாழினி பார்த்ததே இல்லை. அந்தக் கோபம் அப்பா மேல் இல்லை.

"இத இத்தன நாளா எங்கடி வச்சிருந்த? காலேஜுல அந்த டீச்சர்கிட்ட அப்படிக் கேட்டேன், இப்படிக் கேட்டேன்னு தெனமும் வந்து என்கிட்ட பீத்திக்குவியே, வீட்டுல வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? இந்த ஒரு வார்த்தைய நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் ஏன்டி ஆத்தாகிட்ட களவாங்கப் போறேன்?"

அம்மா கேட்டது நியாயம்.

"என்னடி அங்க பேச்சு? நட வீட்டுக்கு!" என்று கத்தினார் வெள்ளைச்சாமி.

ஆனந்தவள்ளி மகளை விட்டுவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை நேருக்கு நேர் அப்படிப் பார்த்ததில்லை.

"அடிக்கிறதுன்னா இன்னும் நாலு அடிச்சுக்குங்க. அவ நாளைக்குக் காலேஜுக்குப் போவா. பூவ வச்சுச் சொன்னேன், அது தப்பு. இப்ப என் வாயாலயே சொல்றேன்."