முழந்தாள் போட்ட பூ

அக்டோபர் பிறந்ததும் செங்குறிச்சிக் கோயில் பீடத்தில் ஒரு புதுப் பூ வந்து நின்றது. செபமாலை மாதம். மாதா சுரூபத்தின் காலடியில், வாயகன்ற பித்தளைச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, செடியோடு வைத்திருந்தார்கள். இலைக்காம்புகள் வெங்காயம் போல உப்பியிருந்தன. நடுவில் ஒரே தண்டு. அதன் மேல் கொத்தாக இளம் ஊதாப் பூக்கள். பூவுக்குப் பூ, மேல் இதழில் மட்டும் மயிற்பீலி போல ஒரு மஞ்சள் கண்.

"அடி ஆத்தி! வானத்துச் சம்மனசு உடுத்துற பட்டு மாதிரியில்ல இருக்கு," என்றாள் மதலேனம்மாள். கோயிலில் எது நடந்தாலும் முதல் குரல் அவளுடையது.

பிலவேந்திரன் பூவைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்தான்.

அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக்கியவள் அவன் மனைவி அருளாயி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து பீடத்துக்குப் பூ வைத்தவளும் அவள்தான். நந்தியாவட்டை, கோழிக்கொண்டை, கிடைத்தால் செவ்வந்தி. மாசியில் அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பங்குனியில் அவள் இல்லை.

அதன் பிறகு அவன் பள்ளிக்கூடம் போனான். பாடம் நடத்தினான். சாப்பிட்டான். சாயங்காலம் கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுத்தான். எல்லோரும் போனபின் மெழுகுதிரிகளை அணைத்துக் கதவைப் பூட்டினான். கொல்லையில் அருளாயி வைத்த நந்தியாவட்டை அது பாட்டுக்குப் பூத்து உதிர்ந்தது. பூ இருக்கா சார் என்று யாராவது வந்து கேட்டிருந்தால் பறித்துக் கொடுத்திருப்பான். யாரும் கேட்கவில்லை.

பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் சவரியார் சொன்னதுதான் சட்டம். அவர் பீடத்து வேலையை ஆரோக்கிய செல்வியிடம் கொடுத்துவிட்டார். அவள் புருசன் அமிர்தசாமி அரியலூர் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்ப்பவன். சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்துத் திருமானூர் வந்து, அங்கிருந்து நடந்து வருவான். தெருமுனையிலேயே "செல்வி" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவான். ஸ்டேஷனில் ஏதோ ஒரு பெரிய ஆபீசர் வீட்டுத் தொட்டியில் கிடந்த செடியை அவன்தான் ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். ஒன்று பத்தாகி, செல்வி வீட்டுத் தொட்டி நிறைந்துவிட்டது.

பூ வந்ததோடு நின்றிருந்தால் பிலவேந்திரன் பொறுத்துக்கொண்டிருப்பான்.

மறுநாள் காலைச் செபத்துக்கு வந்தவர்கள் பீடத்தைச் சுற்றிக் கூடினார்கள். நேற்று நிமிர்ந்து நின்ற தண்டு மாதாவின் பக்கமாக வளைந்து, பூங்கொத்தின் தலை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மாதாவே! முழந்தாள் போட்டிருக்குடி!"

மதலேனம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. செல்வி புதுச்செடி வைத்தாள். அதுவும் அடுத்த காலையில் மாதாவைப் பார்த்துக் குனிந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. சவரியார் அதை ஒரு அடையாளம் என்றார். யுத்த காலத்தில் ஊருக்கு மாதா காட்டும் அடையாளம். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போகும் வண்டிகள் வழியில் இங்கே நின்று போயின. பூவுக்கு முழந்தாள் பூ என்று பெயர் விழுந்துவிட்டது.

"நம்ம பீடம் இப்படி இருந்து நான் பாத்ததே இல்ல," என்றார் சவரியார். எல்லோர் முன்னாலும், செல்வியின் முகத்தைப் பார்த்து. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

பார்த்ததே இல்லையாம். பிலவேந்திரன் அன்று பாட்டை நடுவில் தவறவிட்டான்.

திருச்சியில் தாவரவியல் படித்தவன் அவன். கல்லூரியில் இந்தச் செடியைத் தொட்டியில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். தாவரவியல் பெயர் ஐக்கார்னியா கிராசிப்பெஸ். 1883இல் ஒரு ஜெர்மானியர் அந்தப் பெயரை நிலைநிறுத்தினார். பின்பாதிக்குத் தடித்த காலுடையது என்று பொருள். முன்பாதி யாரோ ஒரு பிரஷ்ய மந்திரியின் பெயர். இந்தப் பூவை அந்த மந்திரி கண்ணால் கண்டாரோ இல்லையோ, அவர் பெயர் இதில் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிறது. அருளாயியின் பெயர் அவள் தேய்த்த சட்டியில்கூட ஒட்டவில்லை.

பூத்து முடிந்ததும் தண்டு தானாக வளையும் என்று வாத்தியார் சொன்னதாக ஞாபகம். சோதித்துப் பார்க்கச் செல்வியிடமே ஒரு செடி கேட்டான்.

"தாராளமா எடுத்துக்குங்க சார். வூட்டுலயும் மாதாவுக்கு வைங்க," என்றாள் அவள். கொடுக்கிறவளின் தோரணை. அது அவனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கிணற்றடி வாளியில் போட்டு வைத்தான். காலையில் பூ, கொடியில் காய்ந்த அவன் வேட்டியைப் பார்த்து முழந்தாள் போட்டிருந்தது.

அதைச் சவரியாரிடம் போய்ச் சொன்னான்.

"தம்பி, வேட்டிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"சுவரு."

"சுவத்துக்கு அந்தப் பக்கம்?"

"என் வூடு."

"வூட்டுல மாதா படம் இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன!"

"இது இந்தச் செடிக்கே உள்ள குணங்க. ஜெர்மன்காரர் ஒருத்தர் அறுபது வருசத்துக்கு முன்னாடியே இதுக்குப் பேரு வெச்சு..."

அங்கே நின்ற மதலேனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஜெர்மன்காரனா? மெதுவாச் சொல்லுங்க வாத்தியாரே, போலீசு வந்து சட்டியோட தூக்கிட்டுப் போயிடப் போறான்!"

எல்லோரும் சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் செபமாலை முடிந்தது. வழக்கம் போல எல்லோரும் போனபின் செல்வி சட்டியருகே குனிந்து எதையோ சரிசெய்துவிட்டுப் போனாள். பிலவேந்திரன் மெழுகுதிரிகளை அணைக்கப் பீடத்துக்குப் போனான். பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. தண்டு மாதாவின் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் யோசிக்கவில்லை. இரண்டு கைகளாலும் சட்டியைப் பிடித்துத் திருப்பினான். மாதாவுக்கு முதுகைக் காட்டட்டும். செல்வி மாதாவுக்குப் பிடிக்காதவள் என்று ஊர் பேசட்டும். நாளைக் காலையில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. பங்குனிக்குப் பிறகு அவன் எதையும் பார்க்க ஆசைப்பட்டது அதுதான் முதல் முறை.

பார்த்தான். செல்வியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆனால் அவன் நினைத்தபடி நடக்கவில்லை.

பூ மாதாவுக்கு முதுகைக் காட்டி, பெண்கள் பக்கத்துத் தூணை நோக்கிக் குனிந்திருந்தது. மதலேனம்மாள் அந்தத் திசையில் பார்வையை ஓட்டினாள். குரல் இறங்கிப் போயிற்று.

"அது அருளாயி ஒக்காருற எடமாச்சே."

திருப்பும்போது அவனுக்கு அது தோன்றவே இல்லை. பாட்டு எடுக்கும் இடத்திலிருந்து ஐந்து வருஷம் அந்தத் தூணடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தன் எடத்துல இன்னொருத்தி வந்துட்டான்னு அவளுக்குப் பொறாம," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "பூவைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா பாரு."

"வாயை மூடுங்க," என்றார் சவரியார். பிறகு அவரே, "உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடக்குற ஆத்துமா. சமாதானமில்லாம அலையுது," என்றார். உள்ளே போய்த் தீர்த்தக் கிண்ணத்தை எடுத்து வந்தார். அருளாயி கால் மடித்து உட்காரும் தூணடியில், பேய் பிடித்த வீட்டில் தெளிப்பது போலத் தெளித்தார். தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துத் தங்கள் புடவைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

பிலவேந்திரன் நீர்த்துளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அருளாயிக்குப் பொறாமையே தெரியாது. இருந்த பொறாமை முழுக்க அவனுடையது. அதைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார்கள்.

"நான்தான் திருப்பி வெச்சேன்," என்றான். சத்தமாகத்தான் சொன்னான்.

சவரியார் அருகில் வந்து அவன் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தார்.

"பொண்டாட்டி பேரு கெடுதேன்னு பழிய நீங்க ஏத்துக்குறீங்க. நல்ல புருசன் தம்பி நீங்க."



செல்வி பூ வைப்பதை நிறுத்தினாள். பீடம் வெறுமையாக இருந்தது. தூணடியில் யாரும் உட்காரவில்லை. எத்தனை நெரிசலானாலும் அந்த இடம் மட்டும் வட்டமாக விட்டுப் போயிற்று. கல்லறைத் திருநாள் நெருங்கியது. தெருவில் பேச்சு மாறியது. அருளாயியைச் சாந்தப்படுத்த வேண்டுமாம். அவள் கல்லறைக்குத்தான் முதல் மெழுகுதிரியாம். பேறுகால ஆபத்து இருக்கிறவர்கள் அங்கே எண்ணெய் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம்.

திருநாளுக்கு முதல் நாள் பகலில் பிலவேந்திரன் செல்வி வீட்டுக்குப் போனான். அவள் தொட்டியருகே நின்றிருந்தாள். தொட்டியில் பூக்கள் நிமிர்ந்தும் குனிந்தும் ஆளுக்கொரு பக்கம் கிடந்தன.

"திருப்புனது நான்தான்," என்றான். "நீங்களாவது நம்புங்க."

"தெரியும் சார்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கடைசியாக் கதவச் சாத்துறது நீங்கதானே. நான் போகும்போது மாதா பக்கம் திருப்பி வெச்சிட்டுத்தான் போனேன்."

"நீங்க திருப்பி வெச்சீங்களா?"

"தெனமும். சாயங்காலம் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்த மாதாவுக்கு நேரா வெச்சிருவேன். இந்தத் தொட்டியில அது எருமையப் பாத்தும் குனியுது, சாக்கடையப் பாத்தும் குனியுது. எனக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? யாரோ திருப்பிட்டாங்கன்னு சொன்னா, நீ எதுக்குடி திருப்புனன்னு கேப்பாங்கல்ல?"

"அதுக்காக அவளப் பேயாக்கிட்டு நின்னீங்க."

"நீங்க மட்டும்?" அவள் குரல் உயர்ந்தது. "நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து என்ன கேட்டேன் தெரியுமா சார்? அருளாயி கட்டுனா மாலை நெருக்கமா இருக்கும். அருளாயி தேச்சா சட்டி இப்படியா இருக்கும். அருளாயி வெச்சா பூ ரெண்டு நாள் வாடாது. ஒவ்வொரு நாளும் சார்! மதலேனம்மா எனக்கு முன்னாடி ஒண்ணு பேசும், பின்னாடி ஒண்ணு பேசும். இந்தப் பூ வந்த பிறவுதான் அந்தப் பேச்சு நின்னுச்சு."

பிலவேந்திரன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஊர் மறக்கவில்லை. அவன் காது கேட்கப் பேசவில்லை, அவ்வளவுதான். மனைவியை இழந்தவன் முன்னால் அவள் பேரை எடுக்கக் கூசியிருக்கிறார்கள். அத்தனை பேச்சும் இவள் காதில் போய் விழுந்திருக்கிறது. அவனுக்குக் கிடைக்க வேண்டியது அது. அதற்கும் இவள் மேல் பொறாமையாக இருந்தது.

"இன்னும் என்னவெல்லாம் சொன்னாங்க?" என்றான்.

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாளைக்கு எல்லாரும் அக்கா கல்லறைக்குத்தான் மொதல்ல போறாங்களாம். எண்ணெய் வெக்கப் போறாங்களாம். இருக்கும்போதும் அவங்கதான். செத்தும் அவங்கதான்."

"அதுக்கு நீங்க வந்து உள்ளதைச் சொன்னா போதும்."

"ஊரு என்னப் பாத்துச் சிரிக்கும்."

"சிரிக்கும். ஆனா அவள யாரும் கும்புட மாட்டாங்க."

செல்வி தொட்டிக்குள் கையை விட்டு, சாயத் தொடங்கிய செடி ஒன்றைத் தேடி எடுத்தாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் ஊரே கூடியிருந்தது. சுண்ணாம்பு அடித்த மேடுகள். மெழுகுதிரிப் புகை. அருளாயியின் மேட்டைச் சுற்றி ஒரு கூட்டம் தள்ளியே நின்றது. செல்வி இடுப்பில் வாளியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மேட்டின் தலைமாட்டில் வாளியை வைத்தாள். பூ ஒரு பக்கமாக நன்றாகவே குனிந்திருந்தது.

"இதோ பாருங்க," என்று வாளியைத் திருப்பினாள். பூ மதலேனம்மாளுக்கு நேராக வந்தது.

"ஏ ஆத்தா! என்னையா?" மதலேனம்மாள் இரண்டடி பின்வாங்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

செல்வி மறுபடி திருப்பினாள். பூ சவரியாரைக் கும்பிட்டது. இன்னொரு திருப்பு. அது வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாட்டைக் கும்பிட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"கோயில்லயும் இப்படித்தான். நான் மாதா பக்கம் திருப்புனேன். ஒரு நாள் சார் தூண் பக்கம் திருப்பிட்டாரு. அக்கா ஒண்ணும் பண்ணல," என்றாள் செல்வி. தலையைக் குனியவில்லை.

சவரியார் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "படிச்சவரு, நீங்களுமா!" என்றார். அன்று நல்ல புருசன் என்று நினைத்தவர்கள் எல்லோரும் அவனை ஏறிட்டுப் பார்த்தார்கள். அவனுக்கு அது நிம்மதியாக இருந்தது. எண்ணெய்க் கிண்ணங்கள் ஒவ்வொன்றாக அவரவர் வீட்டுக் கல்லறைக்கு நகர்ந்தன. அருளாயியின் மேட்டில் அவன் வைத்த ஒரே மெழுகுதிரி எரிந்தது.

திரும்பும் வழியில் செல்வி பின்னாலிருந்து கேட்டாள்.

"இனி அந்தப் பூவை வெச்சா சிரிப்பாங்க. உங்க கொல்லையில நந்தியாவட்டை உதுந்து கெடக்கே சார். பறிச்சுக்கட்டுமா?"

அவன் வீட்டு வாசல் வரை நடந்தான். வாசலில் நின்று, "பறிச்சுக்குங்க. கிளைய ஒடிச்சிடாதீங்க," என்றான்.

மறுநாள் சாயங்காலம் பீடத்தில் வெள்ளை மாலை கிடந்தது. தூணடியில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மதலேனம்மாள் மாலையைத் தலை சாய்த்துப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்கா. ஆனா அருளாயி கட்டுனா இன்னும் நெருக்கமா இருக்கும்."

செல்வியின் முகம் சுண்டியது. அவள் பிலவேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். மறைக்கக்கூட இல்லை. பிறகு தொண்டையைச் செருமி, பங்குனிக்குப் பிறகு முதல் தடவையாக, முழுக் குரலில் பாட்டை எடுத்தான்.