எல்லாருக்கும் இருபது

மூன்றாம் வருஷக்காரிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. நர்சிங் கல்லூரி ஒரு முதல் வருஷப் பெண்ணை அவளிடம் கோத்துவிட்டிருந்தது. வார்டுக்குக் கூட்டிப் போ, வேலை பழக்கு, தப்பு வந்தால் பதில் சொல் என்று ஏற்பாடு. சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பாரத்தை இறக்கிவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

வந்தவளுக்கு வார்டில் வைத்த பெயர் நத்தை. ஒவ்வொரு நோயாளியின் மூச்சையும் முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுவாள். டாக்டர் வர ஐந்து நிமிஷம்தான் இருந்தது. எட்டுப் படுக்கை பாக்கி.

"ஏய் நத்தை, சாயங்காலத்துக்குள்ள முடிப்பியா? எல்லாருக்கும் இருபதுன்னு போடு. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"எண்ணாமலேயா அக்கா?"

"மூச்சு விடுறாங்கல்ல? எழுதுடி."

எழுதினாள். நத்தை பேரில் ஏற்கெனவே இரண்டு சிவப்புக் குறி. மூன்றாவது விழுந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சார்ட்டுகளை அடுக்கும்போது மூத்தவளுக்கு ஆறாம் படுக்கை லாரிக்காரர் மேல் கண் போனது. நேற்றுவரை வார்டையே கிண்டலடித்த மனுஷன், இன்று வாய் திறக்கவில்லை. தாண்டிப் போனாள். மனசு கேட்காமல் திரும்பி வந்தாள். அவர் தோள் ஏறி ஏறி இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். முப்பத்துநாலு.

சார்ட்டில் நத்தையின் குண்டு எழுத்தில் இருபது. கையெழுத்து நம்முடையதில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. யாருக்குத்தான் வராது?

"சிஸ்டர்! ஆறாம் பெட்டுக்கு மூச்சு வாங்குது!"

சிஸ்டர் ஓடிவந்து தலைமாட்டை உயர்த்தினார், ஆக்சிஜன் வைத்தார், டாக்டருக்கு ஆள் விட்டார். பிறகுதான் சார்ட்டை எடுத்தார்.

"இருபதுன்னு எழுதின புண்ணியவதி யாரு?"

நத்தையின் முகம் செத்துவிட்டது.

"கை அவளோடது சிஸ்டர். போடச் சொன்னது நான். அவ எண்ணத்தான் பார்த்தா, நான் விடலை."

"மூணு வருஷத்துல கத்துக்கிட்டது இதுதானா? சிவப்புக் குறி உனக்கு."

மூத்தவள் இருபதின் மேல் ஒரு கோடு கிழித்து, முப்பத்துநாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நத்தை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, மிச்ச ஏழு பேருக்கும் இருபதுதானே போட்டிருக்கோம்?"

வராந்தாவில் டாக்டரின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

"நீ அந்தக் கோடியிலிருந்து எண்ணிட்டு வா. முழு நிமிஷம்டி. யார் வந்தாலும் நிறுத்தாதே."