சம்மதம் அழுத்திய விரல்

பிருந்தாவுக்கு அந்தச் சத்தம் எங்கே போனாலும் கேட்டது. வளைகுடாவில், அல் குசைஸில் அவளும் கணவனும் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் நிற்கும்போது கேட்டது. குப்பை லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டது. மைக்ரோவேவ் ஓடி முடிந்தால் அதற்குள்ளிருந்தும் கேட்டது. கேட்க வேண்டிய ஒரே நாளில் மட்டும் கேட்கவில்லை.

பச்சைப் பிள்ளையின் காலில் மாட்டும் பட்டையின் அலாரச் சத்தம் அது. நியூ ஜெர்சியில் இருக்கும் அவளுடைய அண்ணன் முரளிதரன் தங்கை பெற்ற மருமகளுக்கென்று ஆசையாக வாங்கி அனுப்பிய பட்டை. மூச்சில் கொஞ்சம் கோளாறு என்றாலும் பெற்றவளின் போன் அலறும் என்று அட்டைப்பெட்டியில் பீற்றியிருந்தான் கம்பெனிக்காரன். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிருந்தா கண்ணயர்ந்தாள். விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது. பிள்ளையும் அமைதியாக இருந்தாள்.

அவள் கணவன் சிவசங்கரன் டியூட்டியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான். வராந்தாவில் வைத்து ஒரே ஒரு தடவை கேட்டான்: "அலாரம் அடிச்சது உனக்குக் கேக்கவே இல்லையா?"

அதற்கப்புறம் கேட்கவே இல்லை. தினமும் கேட்டுத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. அவனோ டீ போட்டுக் கொடுத்தான், துணி மடித்தான், அவள் அழுதால் முதுகைத் தடவினான். அந்தக் கேள்வி மட்டும் வாடகை கொடுக்காமல் அவர்களோடு குடியிருந்தது.

அலாரம் அடித்ததா, இல்லையா? அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். நஷ்டஈடு யாருக்கு வேண்டும்? பதிவெல்லாம் கம்பெனியிடம் இருந்தது. கோர்ட் கேட்டால்தான் காட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, கோர்ட்டுக்கே போவோம் என்று முரளி அவள் பேரில் அமெரிக்காவில் வழக்குப் போட்டான். அங்கே கம்பெனி வக்கீல் எழுந்து, இந்தம்மா ஆப்பில் 'சம்மதம்' அழுத்தியிருக்கிறார், அழுத்தியவர்கள் யாரும் கோர்ட்டுக்கு வரக் கூடாது, தனி மத்தியஸ்தரிடம் மூடிய அறைக்குள் பேசிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். நீதிபதியும் ஆமாம் என்றுவிட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இவர்கள் சொன்ன பதில் ஒரு பொத்தான்!

இந்த நிலைமையில்தான் அங்கே ஃபெடரல் அப்பீல் கோர்ட் வேறு யாரோ ஒருவருடைய வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பொத்தானைத் தன் கையால் அழுத்தாத ஒருவரை அந்தச் சம்மதம் கட்டுப்படுத்தாது என்று. முரளி போனில் மூச்சு வாங்கினான். யார் அழுத்தியது, நீயா, மாப்பிள்ளையா என்று கேட்டான். இரண்டு பேருமே இல்லை. வளைகுடாவில் புதுச் சாமான் வாங்கினால் யார் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்? கீழே மொபைல் கடையில் கொடுத்து, பாய், செட் பண்ணி வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போவதுதான் வழக்கம். பிருந்தாவும் அப்படித்தான் போயிருந்தாள்.

ஆக, அழுத்தியது நான்தான் என்று கடைக்காரர் முகம்மது சித்தீக் எழுதிக் கொடுத்தால் வழக்கு பிழைக்கும். முரளி வைத்த வக்கீல் அனுப்பிய தாளை எடுத்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள்.

சித்தீக் காயல்பட்டினத்துக்காரர், தங்கமான மனுஷர். பிள்ளை போன அன்றைக்குப் பிளாஸ்க்கில் டீயோடு முதலில் மாடியேறி வந்தவர். விஷயத்தைக் கேட்டதும், இதுக்கென்ன தங்கச்சி, எங்கே கையெழுத்து என்று பேனாவைத் திறந்துவிட்டார். என்னென்ன செய்தீர்கள் என்று முதலில் வரிசையாகச் சொல்லச் சொன்னாள் பிருந்தா. வக்கீல் கேட்டிருந்தார்.

அவர் சொன்னார். அமெரிக்கச் சாமான் என்பதால் அந்த ஆப் இங்கத்து போனில் இறங்கவில்லை. இந்த மாதிரி வேலைக்கென்றே கடையில் அமெரிக்கக் கணக்கு போட்ட பழைய போன் ஒன்று உண்டு. அதில் இறக்கி, அதிலேயே சம்மதம் அழுத்தி, பட்டையைப் பதிந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அவளுடைய போனை அதோடு சேர்த்தார். பிள்ளையின் மூச்சுக் கணக்கு அவள் போனிலும் ஓடியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டார்.

"அப்போ அலாரம் எந்த போனுக்குப் போகும், பாய்?"

சித்தீக் பேனாவை மூடினார். அவர் கை மேஜை இழுப்பறைமேல் போய் நின்றது.

"பதிஞ்ச போனுக்குத்தான்மா... அன்னைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுட்டு வந்து ஷட்டரைத் தூக்குறேன்," என்றார் மெதுவாக. "டிராயருக்குள்ள ஒரு போன் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. எதுன்னு பாக்காமலே, யாரோ ரிப்பேருக்குக் குடுத்ததுன்னு நெனச்சு அமுத்தி வச்சிட்டேன்மா. யா அல்லாஹ்... நான்தான் அமுத்தி வச்சேன்."

பிருந்தாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. சத்தியமாக நிம்மதிதான். அது வந்ததற்காக அவள் தன்னையே அருவருத்தாள். அதற்குப் பின்னால் ஆத்திரம் வந்தது. அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும்போல் இருந்தது. ஆனால் எதிரே நின்ற மனிதர் இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துவருவது.

கையெழுத்துப் போடுகிறேன், நடந்ததை எல்லாம் எழுதுகிறேன் என்று அவர் தாளைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. அவர் எழுதினால், அலாரம் அடித்தது, இந்த ஆள்தான் அமுக்கினான் என்று கம்பெனி கையைக் கழுவிவிடும். எழுதாவிட்டால் வழக்கே செத்துப்போகும். எப்படிப் பார்த்தாலும் தப்பிப்பது கம்பெனிதான். அவர் பிடியிலிருந்து தாளைப் பிடுங்கி நாலாக மடித்து எடுத்துக்கொண்டாள். உங்க மேல தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேர் அவளிடம் சொன்ன வார்த்தைதான், ஒன்றுக்கும் உதவவில்லை. சொல்லாமலே படியேறினாள்.

சிவசங்கரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். கையெழுத்து ஆச்சா என்று கேட்டான். வழக்கு வேண்டாம், அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அலாரம் அடிச்சிருக்கு," என்றாள். "நம்ம வீட்டுல அடிக்கல."

ஒரு வருஷம் வாயைத் திறக்காதவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் அழுதான். அழுது ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவன் குரல் மாறியிருந்தது.

"அப்போ எங்க அடிச்சுது? யாருக்குக் கேட்டுது, பிருந்தா?"

"சொல்ல மாட்டேங்க," என்றாள் அவள். "என்கிட்ட கேட்டீங்களே ஒரு கேள்வி, அதை இன்னொருத்தர்கிட்ட நீங்க கேக்கக் கூடாது."