நாலாவது பாட்டு

அரங்கத்தின் பின்கதவில் ஒட்டியிருந்த தாளைத் தங்கை நாலாவது முறையாகப் படித்தாள். பாட்டுகள் எல்லாம் சொந்தமாக எழுதியவையாக இருக்க வேண்டும். ஒரு குழுவுக்கு இருபது நிமிடம். வயரைச் செருகுவதும் சுருதி சேர்ப்பதும் அதற்குள் அடக்கம். நேரம் முடிந்தால், பாடிக்கொண்டிருந்தாலும் மைக்கை மூடிவிடுவார்கள். அண்ணன் இதை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. காப்பி மெஷின் பக்கத்தில், முன்பின் தெரியாத ஒருவரைப் பிடித்து, தான் கிடார் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். கிடார் நன்றாகவே வாசிப்பான், கோளாறெல்லாம் வாயில்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது பிறந்த கதையைச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்காது. மழை, பஸ் ஸ்டாப், பையில் கிடந்த ரசீதின் பின்பக்கம் என்று ஆரம்பித்தால் பாட்டைவிடக் கதை நீளும். கையில் இருப்பதோ நாலு பாட்டு. மூன்று அவனுடையது, நாலாவது தங்கையுடையது. முதல் மேடையில் நாலாவதுக்கு நேரமே வரவில்லை. இரண்டாவது மேடையில் அவள் வாயைத் திறந்ததும் மைக்கை மூடிவிட்டார்கள். இரண்டு தடவையும் அண்ணன் தோளில் தட்டி, அடுத்த தடவை கண்டிப்பாக என்றான். முதலிலேயே பாடிவிடட்டுமா என்று கேட்டதற்கு, உன் பாட்டு மெதுவாகப் போகிறது, எடுத்த எடுப்பில் அரங்கம் அதிர வேண்டாமா என்றான்.

இனி அடுத்த தடவை கிடையாது. திங்கட்கிழமை அவள் வேறு ஊரில் வேலைக்குச் சேர்கிறாள். இன்று ஞாயிறு.

சவுண்டு பார்க்கும் அம்மாள் கழுத்தில் ஹெட்போனோடு வந்து பாட்டு வரிசையைக் கேட்டாள். எந்தப் பாட்டு, யார் பாடுவது, எந்த மைக். "எழுதிக் கொடுத்த மைக்கைத்தான் திறப்பேன். மத்ததெல்லாம் மூடியே இருக்கும்," என்றாள். தங்கை அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் கதையின் நடுவில் இருந்தான். நீயே எழுதிக் கொடுத்துவிடு என்று கையை வீசினான்.

அவளும் எழுதினாள். முதல் பாட்டு: தங்கை, கீபோர்டு, அவள் மைக் மட்டும். கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஆனால் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அதையே கொட்டை எழுத்தில் இன்னொரு தாளில் எழுதி, மேடையில் அண்ணன் நிற்கும் இடத்தில், அவன் காலடியிலேயே டேப் போட்டு ஒட்டினாள். கண் இருந்தால் படித்துக்கொள்ளட்டும்.

ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறை போய்க் கை கழுவினாள். சொல்லிவிடலாம் என்று அண்ணன் பக்கம் போவாள். சொன்னால் மாற்றிவிடுவான் என்று திரும்புவாள். கடைசியில் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணியின் தம்பியிடம் சொன்னாள். எந்தப் பாட்டை வாசித்தாலும் முடிவதற்குள் வேகத்தை ஏற்றிவிடுபவன் என்பதால் அவனுக்கு 'நிதானம்' என்று பெயர். நிதானம் குச்சியால் முழங்காலைத் தட்டிக்கொண்டே, தனக்கு எதுவும் தெரியாது, மாமா கேட்டால் அப்போது டாய்லெட்டில் இருந்ததாகச் சொல்லிவிடுவேன் என்றான்.

மேடையேறி வயரைச் செருகினார்கள். எதிரே கடிகாரத்தில் சிவப்பு எண்கள் பதினெட்டரை நிமிடத்திலிருந்து இறங்கின. அண்ணன் மைக்கைப் பிடித்து, கண்ணை லேசாக மூடி, "அன்னைக்கு நல்ல மழை," என்றான். முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. மைக்கைத் தட்டினான், ஊதினான். சவுண்டு அம்மாள் தாளைத் தூக்கிக் காட்டினாள். அவன் குனிந்து காலடியைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பணிந்திருந்தால் அவள் பாட்டு இன்றும் போயிருக்கும். அவள் கட்டைகளில் விரலை வைத்துவிட்டாள்.

பாட்டு ஒரு பைக்கைப் பற்றியது. அண்ணன் ஓட்ட, பின்னால் கிடாரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, அவன் முதுகைத் தவிர வேறொன்றும் பார்க்காமல் ஊரெல்லாம் சுற்றிய பெண்ணின் பாட்டு. இறக்கிவிடு, கொஞ்சம் நானும் ரோட்டைப் பார்க்கிறேன் என்று முடியும். ஒத்திகையில் இது கடைசியில் வரும். அண்ணன் அப்போது வயரைச் சுருட்டிக்கொண்டே நிதானத்திடம் பேசிக்கொண்டிருப்பான். வரிகளை இன்றுதான் காது கொடுத்துக் கேட்கிறான். அவளுக்கு முதல் வரியில் குரல் நடுங்கியது, இரண்டாவதில் சரியாகிவிட்டது. அண்ணன் கிடாரை அணைத்தபடி அசையாமல் நின்றான்.

கைதட்டல் அடங்கியதும் அவன் மைக் திறந்தது. பதினாலு நிமிடம் பாக்கி. மூன்று பாட்டுக்குத் தாராளம்.

"இது என் தங்கச்சி எழுதினது," என்று ஆரம்பித்தான். பைக்கில் அவள் தூங்கித் தூங்கி விழுந்தது, அவளையும் தன்னையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஓட்டியது, காலண்டர் தாளில் அவள் எழுதியதைத் தான் திருடிப் படித்தது. பாதி அவளுக்கே தெரியாத கதை, மீதியில் கொஞ்சம் பொய். நிறுத்தேன் என்று பல்லைக் கடித்தாள். நிறுத்திவிடுவானோ என்றும் பயமாக இருந்தது. அப்புறம் அவனுடைய இரண்டு பாட்டு எப்படியோ ஓடியது. மழைப் பாட்டின் முதல் வரியில் சிவப்பு எண்கள் பூஜ்ஜியத்துக்கு வந்து, மைக் அடங்கியது.

படியிறங்கும்போது நிதானம், "மாமா, உங்க பாட்டு போச்சே," என்றான்.

அண்ணன் அவளுடைய கீபோர்டையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "பாட்டை எப்ப வேணா பாடிக்கலாம்டா. இவதான் நாளைக்கு இருக்க மாட்டா."