பின்னால் வந்த புள்ளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று அம்மா சொல்வாள். அது பொய். மூக்கு வரைக்கும் போய் நிற்க அதற்கு நேரமே கிடையாது. அன்றைக்குப் பல் தேய்க்கும்போதே வக்கீலின் அண்ணன்மீது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. என் சிநேகிதி. பள்ளிக்கூடத்திலிருந்தே எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், அதனால் அந்தப் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் நான் கண்ணாடி. எங்களில் மூன்றாவது ஆள் பேக்கரி வைத்திருக்கிறாள், அவள் ரொட்டி. எங்கள் மூவருக்கும் போனில் ஒரு குழு உண்டு. யார் எங்கே இருக்கிறோம் என்பது அதில் வரைபடத்தில் தெரிந்துகொண்டே இருக்கும், ஆளுக்கொரு புள்ளியாக. வீட்டில் தலை சீவிக்கொண்டே, "இதோ பக்கத்துல வந்துட்டேன்டி" என்று கூசாமல் புளுகுகிறவர்கள் நாங்கள். அந்தப் புளுகை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வக்கீலுக்குப் பார்வை போயிற்று. ஏதோ நரம்பு வியாதி. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, முழுசாக இருண்டுவிட்டது. ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறவள் நான், இவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று கடையின் பின்கட்டில் நின்று அழுதிருக்கிறேன். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. மூட்டுவலி, தசைவலிக்கெல்லாம் கையாலேயே சிகிச்சை செய்கிற படிப்பு ஒன்றில் சேர்ந்தாள், படித்து முடித்தாள். ஊரின் மறுகோடியில் ஒரு கிளினிக்கில் வேலையும் வாங்கிவிட்டாள்.

அங்கேதான் அண்ணன் குறுக்கே விழுந்தார். கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளும் தங்கையின் முழங்கையைப் பிடித்து எல்லா இடத்துக்கும் கூட்டிப் போனவர் அவர்தான். இப்போது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. நீயும் வா என்றார். இவள் மாட்டேன் என்றாள். சாப்பாட்டு மேஜையில் தொடங்கிய வாதம் படுக்கை விரிக்கிற வரைக்கும் நடக்குமாம். கடைசியில் ஒரு நாள் எங்களையும் உட்கார வைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொன்னார்.

"கிளினிக்குக்கு நீ தனியா போய்க் காட்டு. ஒரே ஒரு தடவ. யாரும் கூட வரக்கூடாது, யாரும் வழி காட்டக்கூடாது. போயிட்டா நீ இங்கயே இருந்துக்க, நான் வாயத் தொறக்கல. இல்லன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு என்கூட வந்துடணும்."

"சரி," என்றாள் வக்கீல். "அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

அவர் வீட்டில் உட்கார்ந்தபடியே தங்கையைக் கண்காணிப்பதற்காக எங்கள் குழுவில் அவரையும் சேர்த்துக்கொண்டோம். பெண்கள் மூவர் இருக்கிற இடத்தில் 'பெரியண்ணன்' என்று நாலாவதாக ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து எங்களுக்குப் புளுகக்கூட மனசு வரவில்லை.

நான் பின்னால் வர மாட்டேன் என்று வக்கீலுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். ஆனால் அந்த நாள் விடிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடுரோட்டில் அவள் தடுமாறுவதாகவும் லாரி வருவதாகவும் கண்முன்னே ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளிக்குப் போன் செய்து வயிற்றுவலி என்றேன். சத்தியமாவது சர்க்கரையாவது, அவள் உயிரைவிடவா என்று கிளம்பிவிட்டேன்.

சும்மா கிளம்பவில்லை. வக்கீலின் காதும் மூக்கும் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். நான் வாசலில் நுழையும்போதே, "சோப்ப மாத்திட்டியாடி?" என்று கேட்கிறவள். ஆகவே வளையலைக் கழற்றி வைத்தேன். பவுடர் பூசவில்லை, தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. நடந்தால் சத்தம் வராத ரப்பர் செருப்பாகத் தேடிப் போட்டுக்கொண்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அவள் தெருமுனையில் ஒரு வேனுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

அவள் வந்தாள். வெள்ளைக்கோலைத் தரையில் இடதும் வலதுமாகத் தட்டியபடி, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு வந்தாள். போனைத் தொட்டால் திரையில் இருப்பதை அது அவளுக்குப் படித்துச் சொல்லும். இன்னொரு காது தெருவுக்கு.

பெரிய ரோட்டின் ஓரத்தில் நின்றாள். பச்சை விளக்கு விழுந்து எல்லோரும் நடக்க ஆரம்பித்தார்கள், இவள் மட்டும் நகரவில்லை. போடி, போ என்று நான் பல்லைக் கடித்தேன். அப்போது சிவப்பை மதிக்காமல் ஒரு மோட்டார் சைக்கிள் சர்ரென்று பாய்ந்து வந்து கூட்டத்துக்குள் நுழைந்தது. முன்னால் போனவர்கள் துள்ளி விலகித் திட்டினார்கள். அது போனதும் இவள் நிதானமாக இறங்கி ரோட்டைக் கடந்தாள். கண் இருக்கிறவர்கள் எல்லோரும் பச்சையைப் பார்த்தார்கள், இவள் ரோட்டைக் கேட்டிருக்கிறாள்.

பஸ் ஸ்டாப்பில் என் போன் பையில் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. ரொட்டிதான், வேறு வேலை இல்லாதவள் என்று விட்டுவிட்டேன். பஸ் வந்தது. அவள் முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில் ஏறித் தலையைக் குனிந்துகொண்டேன். எந்த நிறுத்தம் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. பஸ் ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கி வளைந்ததும் தானாக எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இறங்க வேண்டிய இடம் அதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்த எனக்கே அது எந்த இடம் என்று தெரியாது.

இறங்கியதும் ரோடு பூராவும் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டிகளெல்லாம் நடைபாதையில் ஏறி ஓடின. தொலைந்தது என்று நினைத்தேன். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சட்டென்று திரும்பி, பக்கத்தில் இருந்த பழைய மார்க்கெட்டுக்குள் நுழைந்தாள். கூரை போட்ட பெரிய மார்க்கெட் அது. உள்ளே வண்டி வராது, மனுஷக் கால்கள் மட்டும்தான். வாளி தொங்குகிற கடைகள், கயிற்றுக் கடைகள், தகரக் கடைகள் என்று சந்துக்குள் சந்தாகப் போய்க்கொண்டே இருந்தது. அவள் ஒரு தடவை திரும்பினாள். இன்னொரு தடவை திரும்பினாள். நானும் விடாமல் ஓடினேன்.

அப்போது போன் அடித்தது. பெரியண்ணன். எடுக்காமல் இருக்க முடியுமா, எடுத்தேன்.

"எங்கம்மா இருக்க?"

"கடையிலதான் அண்ணா. வேலை அதிகம்."

"கடையிலயா," என்றார். "உன் புள்ளி மார்க்கெட்டுல நிக்குதேம்மா. அவ புள்ளிக்குப் பின்னாடியே."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமாம். வளையலைக் கழற்றினேன், பவுடரை விட்டேன், செருப்பை மாற்றினேன், என் புள்ளியை மட்டும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஊர்வலம் வந்திருக்கிறேன். அவள் கிளம்பிவிட்டாளா என்று பார்க்கக் காலையில் அந்த வரைபடத்தை எத்தனை தடவை திறந்தேன், அதில் நானும் இருக்கிறேன் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"அண்ணா, நான் சும்மா தூரத்துலேருந்துதான்..."

"தனியா போகணும்னு சொன்னேன். அவ தனியா போகல. முடிஞ்சு போச்சும்மா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைத்துப்போன குரலில் சொன்னார். வைத்துவிட்டார்.

ரொட்டி அனுப்பியிருந்ததையெல்லாம் அப்போதுதான் பார்த்தேன். 'முட்டாளே உன் புள்ளி தெரியுது.' 'ஏய் திரும்பிப் போ.' 'அண்ணன் பாத்துட்டார்னா தொலைஞ்சோம்.' பேக்கரியில் மாவும் கையுமாக நின்று அடித்திருக்கிறாள், பாதி எழுத்து தப்பு. என் தலையில் நானே ஓங்கிக் குட்டிக்கொண்டேன். அவள் வாழ்க்கையைக் காப்பாற்றப் போகிறேன் என்று வந்து அதில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நிமிர்ந்து பார்த்தால் வக்கீலைக் காணோம். முன்னால் ஓடினேன், இல்லை. பின்னால் வந்தேன், வந்த சந்தே அதுதானா என்று தெரியவில்லை. எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருந்தது. போனில் வரைபடத்தைப் பார்த்தால் மார்க்கெட் முழுவதும் ஒரே சாம்பல் கட்டம், அதற்குள் என் புள்ளி தவளை மாதிரி அங்கும் இங்கும் தாவிக்கொண்டிருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றேன். இரண்டு பேரிடம் வழி கேட்டேன், ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

வக்கீலின் புள்ளி மட்டும் தாவவில்லை. மார்க்கெட்டின் மறுபக்கம் வெளியே வந்து, ஒரு சின்ன ரோட்டில் நிதானமாக நகர்ந்து, கிளினிக் என்று எழுதியிருந்த இடத்தில் போய் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிற்கிற இடம் தெரியாத நான், போய்ச் சேர்ந்துவிட்ட அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே போன் வந்தது. அவள்தான்.

"எங்கடி நிக்கிற?"

"தெரியலடி," என்றேன். குரல் உடைந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடு. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்."

"அழுகைய அப்புறம் வச்சுக்க. அண்ணனும் லைன்ல இருக்கார். அண்ணா, கேக்குதா?"

"ம்," என்றார் அவர். "இவ பின்னாடி வந்தது உனக்குத் தெரியுமா?"

"பஸ் ஸ்டாப்புலயே தெரியும். போன்தான் சொல்லுதே, கண்ணாடி பக்கத்துல இருக்கான்னு. இவளக் கழட்டி விடத்தான் மார்க்கெட்டுக்குள்ள அத்தனை திருப்பம் திரும்பினேன்."

"இருந்தாலும், பின்னாடி ஒருத்தி இருக்காங்கற தைரியம்..."

"அண்ணா, அவ எனக்குப் பின்னாடி வந்தா. முன்னாடி போறவங்கதானே வழி காட்டுறாங்க? இப்ப தொலைஞ்சிருக்கறது யாரு?" என்று கேட்டாள் வக்கீல். "சரி, இரு அண்ணா, முதல்ல இவள வெளிய எடுக்கறேன். ஏய், சுத்தி என்ன கேக்குது?"

"சத்தமா இருக்கு."

"என்ன சத்தம்டி?"

"எல்லாச் சத்தமும்தான்."

"கண்ண மூடு."

மூடினேன். முதலில் ஒரே இரைச்சல். பிறகு அது மெல்லப் பிரிய ஆரம்பித்தது. யாரோ தகரத்தைத் தட்டுகிறார்கள், அது தூரத்தில். ஒரு ரேடியோ. இரும்பை அறுப்பது போல விட்டு விட்டு ஒரு கீச்சொலி.

"கீச்சு கீச்சுன்னு ஏதோ. வலது பக்கம்."

"சாவி வெட்டுறவரு. அவர்கிட்ட போ. அவரத் தாண்டினா தோல் வாசனை வரும், செருப்புக் கடைங்க. அது நெடுகப் போ."

கண்ணைத் திறந்து நடந்தேன். சாவிக்கடை இருந்தது. தோல் வாசனை வந்தது. அந்த வழியாக நான் முன்பே போயிருந்தேன், அப்போது ஒரு வாசனையும் வரவில்லை.

"வந்துட்டேன். இப்ப?"

"தரை லேசா சரியும், பாத்து. சரிவு முடியற இடத்துல முகத்துல காத்து அடிக்கும். காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கம் திரும்பு."

தரை சரிந்தது. காற்று வந்தது. காற்றுக்குத் திசை உண்டு என்பது இத்தனை வயசுக்கு அப்போதுதான் என் கன்னத்துக்குத் தெரிந்தது. திரும்பினேன், எதிரே வெளிச்சம், ரோடு, கிளினிக் பலகை. நான் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குள் இப்படி ஒரு ஊரே இருந்திருக்கிறது, அவள் அதில் குடியிருந்திருக்கிறாள்.

"வெளிய வந்துட்டேன்டி," என்றேன்.

அண்ணன்தான் முதலில் பேசினார், மிக மெதுவாக. "இதெல்லாம் எப்பம்மா கத்துக்கிட்ட?"

"கிளாஸுக்கு நீதானே இந்த வழியா கூட்டிட்டுப் போவ. போன்ல பேசிக்கிட்டே வருவ. அப்பதான்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "பேச்சு சுவாரசியத்துல நீ வழி தப்பிப் போயிடுவ அண்ணா. நான்தான் திருப்பிக் கொண்டு வருவேன்."

"நீயா? என் கைதானே உன் முழங்கையப் புடிச்சிருந்துச்சு?"

"முழங்கை என்னோடதுதானே அண்ணா. லேசா அழுத்துவேன். நீ திரும்பிடுவ."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற சத்தம் போனில் கேட்டது.

"சரிம்மா. வேலைக்கு நேரமாச்சு, உள்ள போ," என்றார். அவர் இணைப்பு அறுந்தது.

என் போன் கையில் அதிர்ந்தது. அவள் இயர்போனைக் கழற்றியிருக்க வேண்டும், அவளுடைய போன் அதையே இயந்திரக் குரலில் படிப்பது எனக்கும் கேட்டது. பெரியண்ணன் குழுவிலிருந்து விலகினார்.

வாழ்நாளில் முதல்முறையாக வக்கீலுக்கு வாதாட ஆள் இல்லாமல் போயிருந்தது.

"ஏய்," என்றாள். "அது மெஷின் குரல்டி. நீ ஒரு தடவ படி."

"பெரியண்ணன் குழுவிலிருந்து விலகினார்," என்று ரோட்டோரம் நின்று படித்தேன்.

"இன்னொரு தடவ," என்றாள். அவள் அழுவதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். மறுபடியும் படித்தேன்.