தொண்ணூற்றாறு பிடி

1

நசீம் பானு படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். நாலரைக்கு அந்த ஜன்னலை மூடிவிடுவார்கள். மணி நாலு பதினெட்டு. பின்னால் அவளுடைய அத்தா அப்துல் ஷுக்கூர், ஒரு கையில் வேட்டி நுனியும் மறு கையில் டிபன் தூக்குமாக, "மெதுவாப் போம்மா, ஜன்னலு எங்கியும் ஓடிப் போவாது" என்று மூச்சிரைத்தார். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பிணம்

இல்லை. பிணம் கிடையாது. பழக்க தோஷம். ஐந்து வருடமாகத் தொடர்கதை எழுதுகிறேன். முதல் பாராவில் யாராவது செத்து விழுந்தால்தான் எனக்கு இரண்டாவது பாரா வரும். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. ஒரு பெண் மேலே படிப்பதா வேண்டாமா என்பதுதான் கதை.

இது எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1974 ஜூன் மாதம், சென்னையில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நசீம் பானு நடந்ததையெல்லாம் ஒருவரிடம் சொன்னாள். அவரிடமிருந்து எனக்கு வந்தது. அவர் யார் என்பது இப்போதைக்கு வேண்டாம்.

2

ஷுக்கூர் பாய்க்குப் பென்னாகரம் கடைத்தெருவில் மண்டி. வத்தல்மலைக்காரர்கள் இறக்குகிற புளி, கடுக்காய், தேன் எல்லாம் அங்கேதான் வரும். ஒரே மகள் நசீம் பானு, எம்.எஸ்ஸி. தாவரவியல். அந்த வைகாசியில் அவள் மேஜைமேல் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று, தருமபுரியில் டீச்சர் வேலைக்கு உத்தரவு. இன்னொன்று, சென்னையில் பிஎச்.டி. சேர விண்ணப்பம்.

"அஞ்சு வருசம் படிச்சா டாக்டர்னு போட்டுக்குவியா?" என்று அத்தா கேட்டார்.

"போட்டுக்கலாம் அத்தா."

"என் இடுப்பு வலிக்கு ஊசி போடுவியா?"

"அது வேற டாக்டர்."

"ஊசி போடத் தெரியாத டாக்டருக்கா அஞ்சு வருசம்?"

அவள் சிரித்தாள். ஆனால் கேள்வி உள்ளே தங்கிவிட்டது. செடிகொடிகளை அவளுக்குப் பிடிக்கும். ஐந்து வருடம் பிடிக்குமா? ஆயுசு முழுக்கப் பிடிக்குமா?

(இங்கே ஒரு பேராசிரியரை வரவழைத்து மூன்று பக்கம் யோசனை சொல்ல வைத்தேன். கிழித்துவிட்டேன். பேராசிரியர் ஆராய்ச்சிக்கு வா என்றுதான் சொல்வார். கறிக்கடைக்காரர் கீரை சாப்பிடு என்றா சொல்வார்?)

மண்டி மூலையில், புளி இறக்க வருகிற வத்தல்மலைக்காரி ராமக்காவின் விதைக் கூடை இருந்தது. மலையில் கூரை மாற்றுகிறோம், நனைந்துவிடும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். வாயைச் சாணியால் மெழுகிய மூங்கில் கூடை. நசீம் பானு மூடியைப் பெயர்த்துப் பார்த்தாள். கேழ்வரகு, சாமை, கடுகு, அவரை, துவரை, ஆமணக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. உடனே ஒரு திட்டம் போட்டாள். மேலிருந்து ஒவ்வொரு பிடியாக எடுத்து, பிரித்து, சின்னதைத் தராசில் நிறுத்து, பெரியதை எண்ணி, நோட்டில் எழுத வேண்டும். நடுவில் அலுத்துப்போனால் டீச்சர் வேலை. அலுக்காவிட்டால் ஆராய்ச்சி.

ஆறு நாள் ஆனது. தொண்ணூற்றாறு பிடி, பிடிக்கு ஒரு வரி. அலுக்கவில்லை. கடைசி நாள் சாப்பிடவே மறந்துபோனாள்.

அந்தப் பச்சை அட்டை நோட்டையே தன் திறமைக்குச் சான்றாக விண்ணப்பத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். விதைகளை ஆறு கண்ணாடி ஜாடிகளில் போட்டுப் பெயர் ஒட்டினாள். ராமக்கா பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள்.

3

ராமக்கா சந்தோஷப்படவில்லை. முப்பது வயசுக்காரி, ஜாடிகளைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இத யாரு பிரிக்கச் சொன்னது?"

"எல்லாம் கலந்து கெடந்துச்சேக்கா..."

"கலந்து கெடக்கல. கலந்து வெச்சிருந்துச்சு."

ராமக்காவின் காடு சரிவு. உச்சியில் பாறை. அங்கே சாமையும் கடுகும் கூடுதலாக விழ வேண்டும். அடியில் ஈரம் நிற்கும். அங்கே கேழ்வரகும் அவரையும். அவள் புருஷன் பொன்னன் அடிக்காட்டுக்கு வேண்டியதைக் கூடையின் அடியிலும் உச்சிக்கு வேண்டியதை மேலேயும் போட்டு நிரப்புவான். விதைக்கிறவள் உச்சியிலிருந்து இறங்க இறங்க, கூடையும் மேலிருந்து குறையும். கைக்கு வந்த பிடி அந்த இடத்துக்குச் சரியாக இருக்கும்.

"மறுபடி கலந்துடலாம்க்கா."

"எந்தப் பிடிக்கு எத்தினி?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு வெதைக்கத்தான் தெரியும். கூடை ரொப்பறது அவரு. அவரு காப்பித் தோட்டத்து வேலைக்குக் கன்னட தேசம் போயிட்டாரு. எந்தத் தோட்டம்னு அவருக்கே அங்க போனாத்தான் தெரியும்."

"பஜார்ல வேற வெதை வாங்கித் தரேன்மா" என்றார் ஷுக்கூர் பாய்.

"பஜார்ல எங்க காட்டையும் விக்கறாங்களா பாய்? வாரத்துக்குள்ள மழ எறங்கிரும். வருசத்துக்கு ஒரு வெதைப்பு எங்களுக்கு." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "உன்னைய இத்தினி வருசம் படிக்கப் போட்டாங்களே. அடுத்தவங்க கூடையத் தெறக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேக்கணும்னு அதுல ஒரு பாடங்கூட இல்லியா?"

நசீம் பானுவுக்கு முகம் எரிந்தது. ஆனாலும் நிமிர்ந்துதான் பேசினாள்.

"தொண்ணூத்தாறு பிடியையும் வரிசையா எழுதி வெச்சிருக்கேன்க்கா. நோட்டு மெட்ராஸ்ல இருக்குது. நாலு நாள்ல கொண்டாந்துர்றேன்."

"அது வரைக்கும் மழ நிக்குமா?"

"நிக்காது. அதுக்கு முன்னால வந்துர்றேன்."

4

நோட்டுக்குக் கார்பன் வைத்து ஒரு படி எடுத்திருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். அத்தா இதையேதான் பென்னாகரத்திலிருந்து சென்னை வரை மூன்று பஸ்ஸிலும் கேட்டுக்கொண்டு வந்தார்.

பஸ் ஜன்னலோரத்தில் கண்கள் பனிக்க, இருண்டு கிடந்த தன் எதிர்காலத்தை

(அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. ஆறு விதையிலும் கொஞ்சம் கொஞ்சம் முடிந்து எடுத்து வந்திருந்தாள். மடியில் கைக்குட்டையை விரித்து, முதல் பிடியை ஞாபகத்திலிருந்து கலந்து பார்த்தாள். மூன்று தடவை கலந்தாள். மூன்றும் மூன்று விதமாக வந்தன.)

5

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் குமாஸ்தா சவுரியப்பன். இந்தப் பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் வில்லனாக்கி மீசை வைத்தேன். இரண்டாவதில் மீசையை எடுத்துவிட்டு நல்லவராக்கினேன். இரண்டும் ஒட்டவில்லை. நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஃபைலுக்கு அடியில் வாரப் பத்திரிகை ஒன்றை மறைத்துப் படித்துக்கொண்டிருந்தவர், அவள் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.

"எந்தப் பக்கமுங்க?"

"பென்னாகரம்."

"நமக்குத் தருமபுரிங்க. சொல்லுங்க."

சொன்னாள். நாலரைக்கு மூட வேண்டிய ஜன்னல் ஐந்தேகால் வரை மூடவில்லை. அதற்குள் அவள் விண்ணப்பக் கட்டைத் தேடி எடுத்து வைத்திருந்தார்.

"கமிட்டி கூடறதுக்கு இன்னும் பன்னண்டு நாள் இருக்குதுங்க. அது வரைக்கும் எதையும் வெளிய குடுக்கக் கூடாது."

"இங்கியே உக்காந்து பாத்து எழுதிக்கறேன்."

"வெளியாளுங்க தொடக் கூடாதுங்க. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, காகிதம் பூராவும் இப்பவே உங்களுது."

சொல்லிவிட்டு விண்ணப்பத்தின் மேல் மூலையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். தாவரவியல் துறைப் பேராசிரியரின் பச்சை மை: 'நோட்டைப் படித்தேன். இவரை அவசியம் எடுக்க வேண்டும்.'

நசீம் பானு அதை இரண்டு தடவை படித்தாள்.

அத்தாவும் எட்டிப் பார்த்தார். ஊசி போடாத டாக்டரைக் கிண்டல் செய்த மனிதர், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எழுதாதம்மா. ராமக்கா வூட்டுக்கு ஒரு வருசத்துத் தானியம் நான் எறக்கிடறேன்" என்றார்.

"காடு சும்மா கெடக்குமே அத்தா. அடுத்த வருசம் பொன்னன் எதை வெச்சுக் கூடை ரொப்புவாரு?"

"அடுத்த வருசம் நீ மறுபடி எழுதிப் போட்டா?"

குமாஸ்தாதான் பதில் சொன்னார். "எடம் இருக்கும்னு சொல்ல முடியாதுங்க."

அவள் கை நீட்டினாள். "ஒரு பேப்பர் குடுங்க."

கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார். "உங்களுக்கு இந்தப் படிப்பு வேண்டாமுங்களா?"

"வேணும். முன்னாடி சந்தேகமா இருந்துச்சு. இப்ப இல்ல. எனக்கு இந்த வேலைதான்." எழுதிக்கொண்டே பேசினாள். "ஆனா அதைத் தெரிஞ்சுக்க அடுத்தவங்க கூடையில போய்ப் பரீட்சை எழுதிட்டேன். மொதல்ல அதைத் திருப்பிக் குடுக்கணும்."

கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். பச்சை அட்டை நோட்டை வாங்கிக்கொண்டு, ஏறி வந்த மாதிரியே இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

6

பத்து நாள் கழித்துக் குமாஸ்தாவுக்கு ஒரு கார்டு வந்தது. 'மழைக்கு முந்தின நாள் விதைத்துவிட்டோம். தொண்ணூற்றாறு பிடியையும் ராமக்கா என்னையே கலக்க வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தார். நன்றி. ந. பானு.'

ஜூலை முதல் வாரம் சென்னையிலிருந்து பென்னாகரத்துக்கு ஒரு தபால் போனது. ஆராய்ச்சி மாணவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேரவும்.

வாபஸ் வாங்கியவளுக்கு எப்படி என்கிறீர்களா? பொறுங்கள். முதலில் முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அவள் பெட்டியைக் கட்டுகிறாள். இந்தத் தடவை நோட்டோடு கார்பன் தாளும் போகிறது. இன்னொன்றில், தருமபுரியில் டீச்சராகச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. எழுதிக் கொடுத்ததை மாற்றுகிற பழக்கம் இல்லை என்று தபாலைத் திருப்பி அனுப்புகிறாள். மூன்றாவது, பத்திரிகை ஆசிரியர் கேட்டது. அதில் குமாஸ்தா கொலை செய்யப்படுகிறார். எனக்கு அதில் பெரிய ஆட்சேபணை இல்லை.

உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தத் தபாலைப் பெட்டியில் போட்ட மறு வாரமே வேலையை விட்டுவிட்டேன்.

ஆமாம். பத்திரிகையில் அச்சாகிற பெயர் வேறு. சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் சவுரியப்பன்.

வாபஸ் கடிதத்தை நான் ஃபைலில் சேர்க்கவில்லை. இதோ, இதை எழுதுகிற அட்டையின் கிளிப்பில் இருக்கிறது. நல்ல மனுஷன் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நசீம் பானு, நீங்களும் சொல்ல வேண்டாம். நீங்கள் கதையைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டின் முடிச்சை அவிழ்த்து, நோட்டை உருவி என் மடியில் வைத்துவிட்டேன். நீங்கள் எழுதித் தராவிட்டாலும் அதைக் கொடுத்திருப்பேன். கையெழுத்துப் போடுவீர்களா என்று பார்க்கத்தான் வாபஸ் பேச்சை எடுத்தேன், காகிதத்தையும் நீட்டினேன்.